மூன்று வருடக் கோப்பும் பத்து வருடப் பையும்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் இடது மார்பில் பதின்மூன்று வருடங்களாக ஒரு சிலிகான் பை இருக்கிறது. அதை எந்தக் கம்பெனி செய்தது, அதன் மேல்தோல் வழவழப்பா சொரசொரப்பா, எந்த வருடத்துச் சரக்கு என்று எனக்குத் தெரியாது. அதை வைத்த மருத்துவமனைக்கும் தெரியாது. என் காதில் கிடக்கும் தோட்டுக்கு ஆறு எழுத்தில் ஓர் அடையாள எண் உண்டு. வாங்கும்போது கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். அடுப்படியில் நிற்கும் கேஸ் சிலிண்டரின் கழுத்தில் அடுத்த சோதனை எந்த வருடம் என்று எழுதியிருக்கிறது. உடம்புக்குள் வைத்துத் தைத்த பொருளுக்குத்தான் ஊரும் இல்லை, பேரும் இல்லை.

நான் மதுரைக்காரி. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2011-இல் மார்பகப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள். அடுத்த வருடம், கீமோ எல்லாம் முடிந்து தலையில் முடி முளைத்த பிறகு, ஒரு தனியார் மருத்துவமனையில் இம்ப்ளான்ட் வைத்தார்கள். முதலில் டிஷ்யூ எக்ஸ்பாண்டர் என்ற ஒரு பலூனை வைத்து, வாரா வாரம் ஊசியால் உப்புநீர் ஏற்றி, தோலை மெல்ல விரித்து, அப்புறம் அதை எடுத்துவிட்டு இந்தப் பையை வைத்தார்கள். அந்தப் பையைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அது வந்த பிறகுதான் முந்தானையை இழுத்து இழுத்து விடாமல் பஸ்ஸில் நின்றேன். கவுன்டரில் எதிரே நிற்பவர் கண் எங்கே போகிறது என்று பார்க்காமல் பணம் எண்ணினேன். உயிர் தப்பியதே பெரிது, இதெல்லாம் எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

2019 ஜூலை கடைசியில் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. அலர்கன் என்ற கம்பெனி, பயோசெல் என்று பெயர் வைத்து விற்ற சொரசொரப்பு மேல்தோல் கொண்ட இம்ப்ளான்ட்களையும் டிஷ்யூ எக்ஸ்பாண்டர்களையும் உலகம் முழுக்கத் திரும்பப் பெறுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், அதாவது எஃப்.டி.ஏ., கேட்டுக்கொண்டதன் பேரில். காரணம், ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அதற்கு மூன்று மாதம் முன்பே பிரான்ஸ் இந்த வகைகளுக்குத் தடை போட்டிருந்தது. மே மாதம் கனடாவும் நிறுத்திவைத்திருந்தது.

அன்று மதியமே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, “உங்களுக்கு அது இல்லையாம்மா, டாக்டர் கவலைப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னார்” என்றார். என் பெயரை அவர் கேட்கவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கவலைப்பட வேண்டாம் என்று சொன்னால் சும்மா இருந்துவிடுகிற சாதி நான். நான்கு வருடம் சும்மா இருந்தேன்.

இந்த நோயைப் பற்றி உங்கள் துறைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளான்ட் வைப்பதால் வழக்கமான மார்பகப் புற்றுநோய் கூடுவதில்லை என்றுதான் பல வருட ஆய்வுகள் காட்டுகின்றன. இது வேறு. எந்த அந்நியப் பொருளை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றித் தழும்பால் ஒரு உறை கட்டிக்கொள்ளும், காப்ஸ்யூல் என்பார்கள். அந்த உறையிலும், அதற்கும் பைக்கும் நடுவே சேரும் நீரிலும் வருகிற லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய் இது. முழுப்பெயர் நீளம், ஏ.எல்.சி.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். 1997-இல் முதல் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 2011-இல் எஃப்.டி.ஏ. முதன்முதலாக எச்சரித்தது. நான் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்வதற்கு ஒரு வருடம் முன்பு என்பதைக் கவனியுங்கள். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. 2019-இல் திரும்பப் பெறச் சொன்னபோது உலக அளவில் 573 பேர், அதில் 33 பேர் இறந்துவிட்டார்கள். 573-இல் 481 பேருக்கு இருந்தது அந்த ஒரே கம்பெனியின் பை. 2023-க்குள் எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டிவிட்டது.

உள்ளே இருப்பது சிலிகானா உப்புநீரா என்பதல்ல இங்கே பிரச்சினை. மேல்தோல்தான். பை உள்ளே புரண்டுவிடாமல் சதையோடு பிடித்துக்கொள்ளட்டும், தழும்பு இறுகாமல் இருக்கட்டும் என்று நல்ல நோக்கத்தில்தான் அதைச் சொரசொரப்பாகச் செய்தார்கள். அம்மியைக் கொத்தி வைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொரசொரப்பு வருடக்கணக்கில் சதையோடு உரசி ஓயாத அழற்சியை உண்டாக்குகிறதா, அந்தப் பள்ளங்களில் கிருமிகள் குடியேறுகின்றனவா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. சொரசொரப்போடு நோய்க்கு இருக்கும் தொடர்பில் வாதம் இல்லை.

நோய் அரிது. சீக்கிரம் கண்டுபிடித்தால், பையையும் உறையையும் முழுசாக எடுத்துவிட்டாலே பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது, கீமோகூட வேண்டியதில்லை. தொந்தரவு ஏதும் இல்லாதவர்கள் பயந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றுதான் எஃப்.டி.ஏ.வும் சொல்கிறது. எனக்குத் தெரிந்து இதையெல்லாம் தமிழில் ஒரு பெண்ணுக்கும் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை என்பதால்தான் இவ்வளவும்.

இனி 2023. எங்கள் தெருவில் ஒரு தையல்காரம்மா. இருபது வருடமாக எனக்கு ஜாக்கெட் தைப்பவர். என் அளவு ஜாக்கெட் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும். தங்கை மகள் கல்யாணத்துக்குத் தைத்ததைப் போட்டுப் பார்த்தபோது, கையில் குண்டூசியோடு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அக்கா, அதே அளவுதான் வெட்டினேன். இடது பக்கம் மட்டும் பிடிக்குது. அந்தப் பக்கம் எதுவும் வீக்கமா?” என்றார். கண்ணாடியில் நானே பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதை அவர் இன்ச் டேப் பிடித்துச் சொன்னார். ஒன்றரை இன்ச் வித்தியாசம்.

ஸ்கேனில் பையைச் சுற்றி நீர் கோத்திருந்தது தெரிந்தது. வேறொரு மருத்துவர், இளம்பெண், பொறுமையாகப் பேசினார். இம்ப்ளான்ட் வைத்து ஒரு வருடம் கழித்து இப்படித் திடீரென்று நீர் கோத்தால், சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்றார். ஊசி போட்டு எடுத்த நீர் சீரகத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: “என்ன கம்பெனி இம்ப்ளான்ட்மா? டெக்ஸ்சர்டா, ஸ்மூத்தா? கார்டு கொடுத்திருப்பாங்களே?”

கார்டு என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இம்ப்ளான்ட் வரும் பெட்டிக்குள்ளேயே நாலைந்து ஸ்டிக்கர் வரும், ஒவ்வொன்றிலும் கம்பெனி, மாடல், அளவு, வரிசை எண் இருக்கும், ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டவேண்டும், ஒன்று நோயாளிக்கான அட்டையில் என்று அவர் விளக்கினார். வீட்டுக்கு வந்து என் கணவர் மஞ்சள் பையில் போட்டு பீரோவுக்கு மேல் வைத்திருந்த பழைய காகிதங்களை எல்லாம் தரையில் கொட்டினேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பை மட்டும் அப்படியே இருந்தது. பில் இருந்தது. அதில் ஒரு வரி: இம்ப்ளான்ட், எண்ணிக்கை 1. எதிரே தொகை. பஞ்சுக்கும் கையுறைக்கும்கூடத் தனித்தனியாக வரி போட்டிருந்தார்கள்.

பழைய மருத்துவமனைக்கு நேரில் போனேன். கோப்புகள் இருக்கும் அறை கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். பெயரையும் வருடத்தையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார், பத்து நிமிடம் கழித்து வெறுங்கையோடு வந்தார். “மூணு வருஷந்தாம்மா வைக்கணும்னு ரூல். நாங்க அஞ்சு வருஷம் வெச்சிருந்தோம். 2017-ல லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க.” அதாவது, 2019-இல் கவலைப்பட வேண்டாம் என்று எனக்குப் போனில் சொன்னபோது, பார்த்துச் சொல்வதற்கு அங்கே காகிதமே கிடையாது.

செயலாளர் அவர்களே, அவர் சொன்னது பொய்யில்லை. மருத்துவர்களின் நடத்தை பற்றி இந்திய மருத்துவக் குழுமம் 2002-இல் போட்ட விதிகளில், உள்நோயாளியின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்கட்டும். இந்த லிம்ஃபோமா வருவதோ பெரும்பாலும் இம்ப்ளான்ட் வைத்து எட்டிலிருந்து பத்து வருடத்தில். மூன்றாவது வருடம் கோப்பை எடைக்குப் போடலாம், பத்தாவது வருடம் நோய் வரும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது ஒருமுறையாவது பார்த்திருப்பார்களா?

என் கதை தனிக்கதையும் இல்லை. இடுப்பு மூட்டு விஷயம் நினைவிருக்கும். டெப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக மூட்டை 2010-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் அதை வைத்த அறுவைகள் சுமார் 4,700. பல வருடம் கழித்து மத்திய அரசின் நிபுணர் குழு கணக்கெடுத்தபோது, ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் தேடிப் பிடிக்க முடிந்திருந்தது. மீதிப் பேர் இடுப்பில் அந்த உலோகத்தோடு எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார்கள், நடக்க முடிந்தால். இழப்பீடு அறிவித்தார்கள், கொடுக்க ஆளைத் தேட வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அதுவும் இல்லை. பிரான்ஸில் மத்தியதரைக் கடலோரம் லா சேன் என்ற ஊரில் பி.ஐ.பி. என்று ஒரு கம்பெனி. செலவை மிச்சம் பிடிக்க, மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் சிலிகானை இம்ப்ளான்ட்களில் ஊற்றி உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. 2010-இல் பிடிபட்டது, முதலாளிக்கு 2013-இல் நான்கு வருடச் சிறை. அந்தப் பைகள் புற்றுநோயைக் கூட்டியதாகத் தெரியவில்லை, ஆனால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் கிழிந்தன. பிரிட்டனில் மட்டும் சுமார் 47,000 பெண்களுக்கு அவற்றை வைத்திருந்தார்கள். அந்த நாட்டில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு 1993 முதல் ஒரு பதிவேடு இருந்தது, 2006-இல் மூடிவிட்டார்கள். நாலே வருடத்தில் இந்த இடி. பிறகு 2016-இல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். குடை விற்ற மறுநாள் மழை வந்த கதை.

பதிவேடு என்றால் அதிகாரிகளுக்கு அலுப்பாக இருக்கும், எனக்குத் தெரியும்; முப்பது வருடம் பேரேட்டில்தான் குப்பை கொட்டினேன். ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். இந்த லிம்ஃபோமா எத்தனை பேரில் ஒருவருக்கு வரும் என்று கேட்டால், பல ஆயிரம் பேரில் ஒருவர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஒரே அறுவை மருத்துவர் 1992 முதல் 2017 வரை மார்பகம் சீரமைத்த 3,546 பெண்களை, புற்றுநோய்க்காக எப்படியும் வந்து போய்க்கொண்டிருந்தவர்களை, விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு இந்த நோய். ஏறக்குறைய 355 பேரில் ஒருவர். அங்கே வைத்தவை பெரும்பாலும் சொரசொரப்புப் பைகள், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் ஆளை விடாமல் எண்ணிய இடத்தில் எண் இவ்வளவு கூடுகிறது என்றால், எண்ணாத இடத்தில் ‘அரிது’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

“நம்ம ஊர்ல இதைப் பார்த்ததே இல்லம்மா” என்று என்னிடம் இரண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் என்னிடமிருந்து எடுத்த நீர் முதலில் எந்தச் சோதனைக்குப் போனது தெரியுமா? காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று. அப்புறம் சாதாரண செல் பரிசோதனை. இந்த லிம்ஃபோமாவைக் கண்டுபிடிக்க சி.டி.30 என்ற குறியீட்டைத் தனியாகச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும், அந்த இளம் மருத்துவர் சீட்டில் அதை எழுதியும், ஆய்வகத்தில் இருந்தவர் “இது எதுக்கு?” என்று எனக்குப் போன் செய்து கேட்டார். நான் எதுக்கு என்று சொன்னேன். கூட்டுறவு வங்கிக் காசாளர் ஒருத்தி சொல்லித்தான் அந்தச் சோதனை நடந்தது. முடிவு வர ஒன்பது நாள். நோய் இல்லை என்று வந்தது. அந்த ஒன்பது நாளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உங்கள் துறை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த மாநிலத்தில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பிக்மி எண் என்று ஒரு பதிவு எண் இருக்கிறது. அது இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் யாருக்குப் போகிறது என்று வரிசைப்படி பதிவு வைத்திருக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று பி.பி. மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். எங்கள் தெருவுக்கு வருகிற பெண்ணுக்கு யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது மனப்பாடம். ஆளைத் தேடிப் பிடிக்கத் தெரியாத துறை இல்லை உங்களுடையது.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவையை இலவசமாகச் செய்துதரப் போவதாக அறிவித்தீர்கள். அழகுக்கான சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. உள்ளூரில் பலர் கிண்டல் செய்தார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. கடன் வாங்கிக் கண்ட இடத்தில் போய்ச் செய்துகொள்வதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அப்போது இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்கள் இருந்தால், அவர்களுக்கு 2026-இல் எட்டு வருடம், 2028-இல் பத்து வருடம். அவர்கள் கையில் அட்டை இருக்கிறதா? இது குற்றச்சாட்டு இல்லை, கேள்விதான். இருக்கிறது என்று நீங்கள் பதில் சொன்னால், மற்ற மருத்துவமனைகளையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள் என்று கேட்பது எனக்குச் சுலபமாகிவிடும்.

திருநங்கையரையும் மறந்துவிடக் கூடாது. சிகிச்சைக்குப் போன இடத்தில் பழக்கமான ஒருவர், வேறு மாநிலத்தில் போய் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே பஸ் ஏறி ஊர் திரும்பியவர். அவரிடம் பில்கூட இல்லை. “என்னைப் பார்த்தா எந்த டாக்டர் அட்டை கேப்பாரு, வியாதி இருக்கான்னுதான் கேப்பாரு” என்று சிரித்தார்.

சரி, என்ன செய்யலாம் என்றால், பெரிய செலவு எதுவும் இல்லை. முதல் காரியம் அந்த ஸ்டிக்கர். பெட்டிக்குள்ளேயே வருகிறது, ஒட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்சூரன்ஸில் பணம் வாங்க வேண்டுமென்றால் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரை வைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் க்ளைமைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக, காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றால் ஸ்டிக்கர் தவறாமல் போய்ச் சேருகிறது. உடம்பு கொடுப்பவருக்குத்தான் போய்ச் சேருவதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. நோயாளி அட்டையைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று ஒரு வரி சேர்த்தால், மறுநாளே எல்லா இடத்திலும் அட்டை கிடைக்கும். தனியார் மருத்துவமனைகளுக்கு 1997-ஆம் வருட மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பதிவுக்கான நிபந்தனையாகவே போடலாம். அட்டை தமிழில் இருக்கட்டும். அளவு பெரிதாக வேண்டாம், ரேஷன் கார்டோடு சேர்த்து வைக்கிற மாதிரி போதும்.

கோப்பை மூன்று வருடத்துக்கு மேல் வைக்க இடமில்லை என்பார்கள். முழுக் கோப்பு வேண்டாம். யாருக்கு, என்றைக்கு, எந்தப் பக்கம், என்ன கம்பெனி, என்ன எண்: ஒரு பெண்ணுக்கு ஒரு வரி. அந்த வரி மட்டும் உங்கள் துறையின் கணினியில் அவள் உயிரோடு இருக்கும்வரை இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு கம்பெனி இன்னொரு சரக்கைத் திரும்பப் பெற்றால், அந்த மாத்திரை கொண்டுவரும் பெண்ணே கதவைத் தட்டிச் சொல்லிவிடுவார். அவரிடம் விஷயத்தை வாசலில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் பயிற்சி கொடுங்கள்.

அப்புறம் ஒப்புதல் படிவம். என்னிடம் கையெழுத்து வாங்கியது அறுவைக்கு முந்தைய நாள் இரவு எட்டரை மணிக்கு. மூன்று பக்கம், ஆங்கிலம். நர்ஸ் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்ப்பதே தொழிலாக வைத்திருந்தவள் நான். அமெரிக்காவில் 2021 அக்டோபரிலிருந்து, இம்ப்ளான்ட்டுக்கான விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை கட்டாயம். சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை மருத்துவர் நோயாளியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இருவரும் கையெழுத்திட வேண்டும்; அப்படிச் செய்கிறவர்களுக்குத்தான் கம்பெனி இம்ப்ளான்ட் விற்கலாம். அதைத் தமிழில், நம் ஊர்ப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வையுங்கள். இது ஆயுசுக்கும் இருக்கிற பொருள் இல்லை என்பதை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை, புற்றுநோய்க்குப் பிறகு வைத்துக்கொண்டவர்களில் இரண்டில் ஒருவர் வரை பத்து வருடத்துக்குள் எடுக்க வேண்டி வரலாம் என்று எஃப்.டி.ஏ. 2011-லேயே சொன்னது. எனக்குச் சொல்லியிருந்தாலும் வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எடுக்கிற செலவுக்கு ஒரு ஆர்.டி. போட்டிருப்பேன்.

ஐந்தாறு வருடம் கழிந்ததும் ஒரு ஸ்கேன், அதன்பின் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க. மேமோகிராம் எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்குப் படம் பிடிக்கிற விதம் வேறு. ஒரு பக்கம் திடீரென்று பெருத்தால் வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். மூட்டுவலி, ஓயாத அசதி, மறதி என்று இம்ப்ளான்ட் வைத்த பிறகு அவதிப்படுகிற பெண்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கச் சோதனை எதுவும் இல்லை. அதனாலேயே மெனோபாஸ் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதையும் யாராவது எழுதி வைத்துக்கொள்ளட்டும். காஜியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மருத்துவக் கருவிகளால் வரும் கேடுகளை அறிவிக்க 2015 முதல் ஒரு திட்டமே இருக்கிறது. என் நீர் கோத்த கதையை அங்கே எழுதி அனுப்புங்கள் என்று கேட்டபோது, படிவத்தில் கம்பெனி பெயரும் வரிசை எண்ணும் கேட்கிறார்களே, என்னவென்று எழுத என்று அந்த இளம் மருத்துவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

இந்த வருடம் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மறுபடி நீர் கோத்துக்கொண்டது. மறுபடி ஊசி, மறுபடி சி.டி.30, மறுபடி நோய் இல்லை. இரண்டாம் முறையும் வந்துவிட்டதால் பையையும் சுற்றியுள்ள உறையையும் எடுத்துவிடுவதே நல்லது என்கிறார்கள். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வேறு பை வைத்துக்கொள்வதா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதுகுத் தசையைத் திருப்பிவிட்டும் செய்யலாமாம்; யோசிக்கிறேன்.

பேசும்போது அந்த மருத்துவர் ஒன்று சொன்னார். பெரிய கம்பெனிகளின் பைகளில் பின்பக்கம், வட்டமான ஒட்டுப் போட்ட இடத்தில், பெயரும் எண்ணும் அச்சிட்டிருப்பார்களாம். ஆக, நான் மஞ்சள் பையிலும் ஜெனரேட்டர் அறையிலும் தேடிய விவரம் பதின்மூன்று வருடமாக என் விலா எலும்பின் மேல்தான் கிடக்கிறது. எடுத்ததும் தூக்கிப் போட்டுவிடாமல், சோதனை முடிந்த பிறகு கழுவி என்னிடம் காட்டும்படி கேட்டிருக்கிறேன். எடுக்கிற உறையைப் பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டில் சி.டி.30 என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டேன். என் படிக்கிற கண்ணாடியைக் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். அந்த எண்ணைப் படித்ததும் தங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இடது பக்கத்து எண் தெரியாத ஒரு மதுரைக்காரி